கேமரா அப்புறம் வாங்கலாம், முதல்ல சத்தத்தைச் சரி பண்ணுவோம்



பதிவு கொஞ்சம் நீளம். காப்பி ஒரு கையில வச்சுக்கிட்டு பொறுமையா படிங்க. நாங்க ஆலயத்தில் நேரலை, ஒலிபெருக்கி, வயர் வேலை எல்லாம் பார்க்கும் தொண்டூழியர்கள். மேடையில் எங்களைப் பார்த்திருக்க மாட்டீங்க. தூணுக்குப் பின்னாடி, காலில் வயர் சுத்திக்கிட்டு, காதில் ஹெட்போன் மாட்டிக்கிட்டு நிக்கிற ஆளுங்க நாங்கதான்.

போன ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நடந்தது பலருக்கும் தெரியும். அடுத்த வருஷக் கும்பாபிஷேகத்தை நல்லபடியா படம் பிடிக்கணும்னு ஒரு உபயகாரர் 28,000 வெள்ளி தர முன்வந்திருக்கார். பெரிய மனசு. அம்பாள் அவர் குடும்பத்தை நல்லா வச்சிருக்கணும். அதை எதுக்குச் செலவு பண்றதுங்கிறதில்தான் கருத்து வேறுபாடு. கூட்டத்தில் வச்ச பட்டியலில் சினிமா எடுக்கிற கேமரா ஒண்ணு, அதுக்கு ஒரு லென்ஸ், ஒரு ட்ரோன். இவ்வளவுதான். மைக் இல்லை, ஸ்டாண்டு இல்லை, யுபிஎஸ் இல்லை. நாங்க வேண்டாம்னு சொன்னோம். அதுக்கப்புறம் புலனக் குழுவில் "இவங்களுக்குக் கோயில் வளர்றது பிடிக்கலையா"ன்னு ஒரு கேள்வி வந்தது. அதுக்குப் பதில்தான் இந்தப் பதிவு. யார் மேலயும் கோபம் இல்லை.

எப்படி ஆரம்பிச்சோம்னு முதல்ல ஞாபகப்படுத்திக்கிறோம். 2020 மார்ச் 18, நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்த நாள். நாட்டில் எல்லா வழிபாட்டுத் தலங்களும் கதவைச் சாத்தின. குருக்கள் மட்டும் உள்ளே நித்திய பூஜை பண்ணார். வெளியே ஒரு ஈ, காக்கா இல்லை. அப்போ நம்ம ஆலயத்தில் ஒரு தம்பியோட கைப்பேசியை நாற்காலி முதுகில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, வெள்ளிக்கிழமை பூஜையை முகநூலில் விட்டோம். முதல் பத்து நிமிஷம் படம் படுக்கையாகத் தெரிஞ்சது. அதையும் கழுத்தைச் சாய்ச்சுக்கிட்டுப் பார்த்தீங்க. அந்த வருஷம் மே 4-ஆம் தேதி மதுரையில் மீனாட்சி திருக்கல்யாணமே பக்தர்கள் இல்லாமல் இணையத்தில்தான் நடந்தது. 2021 ஜனவரி 28 தைப்பூசத்துக்கு நம்ம பக்கத்து பத்துமலைக்கே நாம போக முடியலை. ரதம் மட்டும் போச்சு, நாம வீட்டில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டோம். நேரலைங்கிறது ஒரு விளம்பரம் இல்லை, வர முடியாதவங்களுக்குக் கதவு திறந்து விடுறதுன்னு அப்போதான் நமக்குப் புரிஞ்சது.

இப்போ கதவெல்லாம் திறந்தாச்சு. ஆனா வர முடியாதவங்க இன்னமும் இருக்காங்க. படுத்த படுக்கையில் இருக்கிறவங்க, வாரம் மூணு தடவை டயாலிசிஸ் போறவங்க, சிங்கப்பூரில் வேலைக்குப் போன பிள்ளைங்க, பேறுகாலத் தீட்டில் வீட்டில் இருக்கிற பொண்ணுங்க. நாங்க யாருக்காகப் படம் பிடிக்கிறோம்னா இவங்களுக்காகத்தான்.

இதில் ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லணும். போன வருஷம் ஆடி கடைசி வெள்ளி. நம்ம பெரியம்மா ஒருத்தர், தோட்டத்தில் கோயில் இருந்த காலத்திலிருந்து வர்றவங்க, பேர் வேண்டாம். இனிப்பு நீர் முத்திப் போய் கண் பார்வை அநேகமா போயிடுச்சு, காலும் நடக்க முடியலை. மகன் கைப்பேசியில் நம்ம நேரலையைப் போட்டுக் காதுக்குப் பக்கத்தில் வச்சிருக்கார். அன்னைக்கு நாங்க புதுசா இரவல் வாங்கின நல்ல கேமராவில் படம் எடுத்தோம். அம்பாளோட மூக்குத்திக் கல் கூட மின்னுச்சு. எல்லாரும் "சூப்பர் படம்"னு போட்டாங்க. ஆனா மிக்ஸரிலிருந்து வந்த வயரைத் தப்பான துளையில் செருகிட்டோம். நாப்பது நிமிஷம் வெறும் கரகரப்பு. தீபாராதனை மணி கேட்கலை, மேளம் கேட்கலை, "ஓம் சக்தி, பராசக்தி" கேட்கலை.

மறுநாள் அந்த அண்ணன் கூப்பிட்டார். திட்டலை. "தம்பி, அம்மா கேட்டுக்கிட்டே இருந்தாங்க, மணி அடிச்சாச்சா, மணி அடிச்சாச்சான்னு. நான் அடிச்சாச்சும்மான்னு சொல்லிட்டேன்"னார். அவ்வளவுதான். கார்த்திகைக்கு முன்னாடியே பெரியம்மா தவறிட்டாங்க. அவங்க கேட்டிருக்க வேண்டிய கடைசி ஆடி தீபாராதனை எங்க கவனக்குறைவால் போச்சு. அது எங்க தப்பு, வேற யார் தப்பும் இல்லை.

அன்னைக்குத்தான் எங்களுக்கு உறைச்சது. படம் மங்கலா இருந்தா பக்தர் மன்னிச்சிடுவாங்க. சத்தம் இல்லைன்னா கோயிலே இல்லை. கண்ணை மூடிக்கிட்டுத்தானே நாம கும்பிடுறோம்? கண் மூடினவனுக்கு வேண்டியது மணியும் மந்திரமும் மேளமும்.

அதனால எங்க கருத்து இதுதான்: முதல்ல சத்தம், ரெண்டாவது ஸ்டாண்டு, மூணாவது மின்சாரமும் இணையமும், நாலாவதுதான் கேமரா. ட்ரோன் வாங்கவே வேண்டாம். ஏன்னு ஒவ்வொண்ணா சொல்றோம். வேற ஆலயத்தில் தொண்டு செய்யும் தம்பி தங்கைகளுக்கும் இது உதவட்டும்.

முதல்ல சத்தம்.

கேமராவோடு வர்ற மைக் எவ்வளவு விலை உயர்ந்த கேமராவா இருந்தாலும் கோயிலுக்கு உதவாது. காரணம் தூரம். கேமரா மகாமண்டபத்தின் கடைசியில் நிக்குது. குருக்கள் கருவறையில். நடுவில் நானூறு பேர், மேல ஜிங்க் கூரை, தரை முழுக்க டைல்ஸ். எல்லாம் எதிரொலி. மைக் சத்தம் பிறக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கணும், அவ்வளவுதான் சூத்திரம்.

அடுத்தது தானியங்கி ஒலி அளவு. கைப்பேசியும் சின்ன கேமராவும் சத்தத்தைத் தானே ஏத்தி இறக்கும். தவில் ஒரு அடி விழுந்தா உடனே எல்லாத்தையும் கீழே இறக்கிடும், குருக்கள் சொல்ற மந்திரம் அதோட முங்கிடும். மேளம் நின்னதும் மெல்ல மேலே ஏத்தும், அப்போ காத்தாடி சத்தமும் பின்னாடி பேசுறவங்க கதையும் தெளிவா கேட்கும். நம்ம பழைய காணொளிகளில் அர்ச்சனை கேட்காமல் யாரோ ரெண்டு பேர் நிலம் வாங்கின கதை கேட்குதே, காரணம் இதுதான். தானியங்கியை அணைச்சிட்டு, கையால அளவு வைக்கணும். மேளம் உச்சத்தில் இருக்கும்போது அளவுமானி மைனஸ் 12 பக்கம் நிக்கிற மாதிரி வச்சா, அதுக்கு மேல அடிச்சாலும் உடையாமல் தாங்கும். சிகப்பைத் தொட்டு உடைஞ்ச சத்தத்தை எந்தக் கணினியாலும் முழுசா ஒட்ட வைக்க முடியாது.

நாங்க ஆடியில் பண்ண தப்பையும் சொல்லிடுறோம், வேற யாரும் பண்ணாதீங்க. மிக்ஸரிலிருந்து வெளியே வர்றது லைன் அளவு, ஏறக்குறைய ஒரு வோல்ட். மைக்கிலிருந்து வர்றது சில மில்லிவோல்ட்தான். கேமராவின் மைக் துளையில் லைனைச் செருகினா, ஓடைக்குள்ள ஆத்துத் தண்ணியைத் திறந்து விட்ட மாதிரி. கரகரன்னு உடைஞ்சிடும். கேமராவில் லைன், மைக்னு மாத்துற சுவிட்ச் இருக்கான்னு பார்க்கணும், இல்லைன்னா நடுவில் அளவைக் குறைக்கிற ஒரு சின்ன பெட்டி போடணும். அந்தப் பெட்டி சில பத்து வெள்ளி சாமான். அது எங்ககிட்ட இல்லாததால ஒரு ஆடி வெள்ளி போச்சு. இன்னொண்ணு, யாராவது ஒருத்தர் ஹெட்போன் மாட்டி முழு நேரமும் கேட்டுக்கிட்டே இருக்கணும். அன்னைக்கு அதையும் நாங்க செய்யலை. எல்லாரும் படத்தையே பார்த்துக்கிட்டு இருந்தோம்.

நமக்கு வேண்டியது நாலு மைக். குருக்களுக்கு ஒண்ணு, நாதஸ்வரம் தவிலுக்கு ஒண்ணு, தேவாரம் பாடுறவங்களுக்கு ஒண்ணு, பக்தர்கள் கோஷமும் மணியும் கேட்க மண்டபத்தில் மேலே தொங்கவிட ஒண்ணு. குருக்கள் மேல் சட்டை போடுறதில்லை, காலர் மைக் எங்கே குத்துறது? வேட்டி இடுப்பில் செருகினா துணி உரசுற சத்தம்தான் வரும். அதனால கருவறை வாசலுக்கு வெளியே, நிலைப்படிக்குப் பக்கத்தில், ஒரு திசையை மட்டும் கேட்கிற நீள மைக் வைக்கலாம்னு குருக்களிடம் கேட்டோம். நிலைப்படியைத் தாண்டாத வரைக்கும் சரின்னு சொல்லிட்டார்.

ரெண்டாவது, ஸ்டாண்டு.

கேமரா ஸ்டாண்டுதானேன்னு இளக்காரமா நினைக்காதீங்க. 200 வெள்ளி ஸ்டாண்டில் 15,000 வெள்ளி கேமராவை வச்சா, படமும் 200 வெள்ளி மாதிரிதான் ஆடும். தூரத்திலிருந்து அம்பாள் முகத்தை நெருக்கிப் பிடிக்கும்போது, பக்கத்தில் யாராவது நடந்தாலே படம் நடுங்கும். எண்ணெய் அடைச்ச தலை உள்ள வீடியோ ஸ்டாண்டுதான் மெதுவா, வழுக்கிக்கிட்டுத் திரும்பும். கேமரா அஞ்சு வருஷத்தில் பழசாயிடும், நல்ல ஸ்டாண்டு இருபது வருஷம் உழைக்கும். அடுத்த கும்பாபிஷேகத்துக்கும் அதே ஸ்டாண்டு நிக்கும்.

மூணாவது, மின்சாரம், இணையம்.

திருவிழா அன்னைக்கு ஒரே பிளக்கில் சீரியல் விளக்கு, சர்பத் கடை பிளெண்டர், நம்ம கணினி, மூணும் தொங்குது. அபிஷேகத் தண்ணி வயர் பக்கம் போனா மெயின் டக்குன்னு விழும். விழுறது நல்லதுதான், உயிரைக் காப்பாத்துது. ஆனா நேரலையும் அதோட போயிடும். நேரலைக்குத் தனி லைன், ஒரு யுபிஎஸ், வயர் ஓடுற இடமெல்லாம் மேல ரப்பர் பாய். போன தடவை ஒரு பாட்டி வயரில் தடுக்கி விழப் பார்த்தாங்க. அது எங்க தூக்கத்தைக் கெடுத்தது.

இணையத்தில் நாம எல்லாரும் பார்க்கிறது இறக்குற வேகம். நேரலைக்கு வேண்டியது ஏத்துற வேகம். 1080 படத்துக்கு 4 முதல் 6 எம்பிபிஎஸ் வரைக்கும் நிலையா ஏறணும், கையிருப்பா அதைப்போல ரெண்டு மடங்கு இருந்தா நிம்மதி. கைப்பேசி டேட்டாவை நம்பாதீங்க. காலையில் ஆறு மணிக்குப் பரிசோதிச்சா பறக்கும். பத்து மணிக்கு ரெண்டாயிரம் பேர் அதே கோபுரத்தைப் பிடிச்சுக்கிட்டுப் படம் அனுப்பும்போது நின்னு போகும். ஆலய அலுவலகத்து ஃபைபரிலிருந்து ஒரு வயரை மண்டபத்துக்கு இழுத்தா போதும். 4கே-யில் நேரலை விடணும்னு ஒரு அண்ணன் கேட்டார். அதுக்குப் பல மடங்கு வேகம் வேணும், பார்க்கிறவங்க முக்கால்வாசி பேர் கையகலத் திரையில் பார்க்கிறாங்க. அந்தக் காசுக்கு ஒரு மைக் வாங்கலாம்.

நாலாவது, கேமரா.

இப்போதான் கேமராவுக்கு வர்றோம். நாங்க கேமராவுக்கு எதிரி இல்லை. எந்தக் கேமராங்கிறதுதான் கேள்வி.

நம்ம மகாமண்டபக் கடைசியிலிருந்து மூலஸ்தானம் பன்னிரண்டு மீட்டருக்கு மேல். உள்ளே எண்ணெய் விளக்கு வெளிச்சம் மட்டும்தான், அப்படித்தான் இருக்கணும், உள்ளே ஃபிளட் லைட் அடிக்க நாங்க சம்மதிக்க மாட்டோம். பட்டியலில் இருக்கிற சினிமா கேமராவில் அந்தத் தூரத்தை நெருக்கணும்னா, 200 மில்லிமீட்டர் வரைக்கும் போற, எஃப் 2.8 திறப்புள்ள லென்ஸ் வேணும். அந்த லென்ஸே கேமரா விலைக்குப் பக்கத்தில் வரும். பட்டியலில் இருக்கிற லென்ஸ் கல்யாண மேடைக்கு நல்லது, நம்ம கருவறைக்கு எட்டாது.

அதுக்குப் பதிலா ஒரு அங்குல சென்சாரும் சேர்ந்தே இருக்கிற நீள ஜூமும் உள்ள வீடியோ கேமரா வாங்கலாம். சோனி, கேனன், பானாசோனிக் மூணு நிறுவனமும் இந்த ரகத்தைச் செய்திருக்காங்க. மணிக்கணக்கா ஓடும், சூடாகி நிக்காது, லென்ஸ் மாத்த வேண்டாம், இருபது வயசுத் தம்பி ஒரு வாரத்தில் கத்துக்குவான். புகைப்படக் கேமராக்களில் பலது 29 நிமிஷம் 59 விநாடியில் தானா நின்னுடும், கவனிச்சிருப்பீங்க. முப்பது நிமிஷத்தைத் தொட்டா ஐரோப்பாவில் வீடியோ கேமரான்னு கூடுதல் சுங்கவரி விழும்னு கம்பெனிகள் வச்ச அளவு அது. புது மாடல் பலதில் இப்போ அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனா யாகசாலை பூஜை முப்பது நிமிஷத்தில் முடியுமா? பழைய கேமரா இரவல் தர்றவங்க இதை முதல்ல சொல்லிடுங்க.

கேமரா எதுவா இருந்தாலும் மூணு விஷயம் செட் பண்ணணும். இதுக்குக் காசே வேண்டாம்.

ஒண்ணு, நம்ம நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கேமராவை 25 பிரேமிலும் ஷட்டரை 50-இல் ஒரு விநாடியிலும் வைக்கணும். 60 கணக்கில் விட்டுட்டா டியூப் லைட்டும் விலை மலிவான எல்இடி-யும் படத்தில் கோடு கோடா ஓடும். போன நவராத்திரி காணொளியில் கொலு மேடை சிமிட்டிக்கிட்டே இருந்ததே, கேமரா கெட்டுப் போகலை, இந்த ஒரு பட்டன்தான்.

ரெண்டு, வெளிச்ச அளவைப் பூட்டி வைக்கணும். கருவறை இருட்டா இருக்கிறதால தானியங்கி வெளிச்சத்தை ஏத்தி ஏத்தி, தங்கக் கவசம் வெள்ளைத் தகடா தெரியும். கற்பூரம் ஏத்தினதும் பயந்து போய் இறக்கி, அம்பாள் முகம் கறுத்திடும். தீபாராதனைங்கிறதே அந்த ஒளியில் முகம் தெரியணும்னுதான். தீபத்துக்கு ஏத்த அளவை முன்கூட்டியே வச்சுப் பூட்டிடணும், மத்த நேரம் கொஞ்சம் இருட்டா இருந்தா பரவாயில்லை.

மூணு, நிற அளவையும் பூட்டணும். இல்லைன்னா மஞ்சள் காப்பு ஒரு நிமிஷம் மஞ்சளா, மறு நிமிஷம் பச்சையா தெரியும்.

ரெண்டு மூணு கேமராவை மாத்தி மாத்திக் காட்ட ஒரு சுவிட்சர் பெட்டி வேணும். 2019-இல் பிளாக்மேஜிக் நிறுவனம் ஏடெம் மினின்னு நாலு எச்டிஎம்ஐ துளை உள்ள சின்ன பெட்டியை 295 அமெரிக்க டாலருக்கு அறிவிச்சது. அதுக்கு முன்னாடி டிவி நிலையத்தில் இருந்த வசதி, கோயில் அலுவலக மேசைக்கு வந்தது. ஓபிஎஸ்ங்கிற மென்பொருள் இலவசம். ஒண்ணு மட்டும் ஞாபகம், எச்டிஎம்ஐ வயர் பத்துப் பதினைஞ்சு மீட்டருக்கு மேல் நம்ப முடியாது. கொடிமரத்துப் பக்கம் கேமரா வைக்கணும்னா அதை எஸ்டிஐ-யா மாத்துற பெட்டி ரெண்டு முனையிலும் வேணும், அதில் நூறு மீட்டர் கூட இழுக்கலாம்.

இப்போ ட்ரோன்.

கும்பாபிஷேகத்தில் ட்ரோன் படம் அழகா இருக்கும், மறுக்கலை. ஆனா யோசிச்சுப் பாருங்க. குடம் விமானம் ஏறும்போது நாம எல்லாரும் எதுக்கு அண்ணாந்து பார்க்கிறோம்? கருடன் வட்டமிடுதான்னு. ஆயிரம் பேர் கண்ணீரோட வானத்தைப் பார்க்கிற அந்த நிமிஷத்தில் கொர்ருன்னு ஒரு இயந்திரம் கோபுரத்தைச் சுத்தினா கருடன் வருமா? வந்தாலும் இருக்குமா? சட்டமும் இருக்கு. மலேசியச் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி இல்லாமல் கூட்டத்துக்கு மேல பறக்க விட முடியாது, 400 அடி உயர வரம்பு இருக்கு, வானிலிருந்து படம் எடுக்க நில அளவை, வரைபடத் துறையிடமும் விண்ணப்பிக்கணும். பேட்டரி தீர்ந்து ஒரு குழந்தை தலையில் விழுந்தா யார் பதில் சொல்றது? பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வேண்டிய பொருளை வாங்கி அலமாரியில் பூட்டி வைக்கிறதை விட, அனுமதியும் காப்புறுதியும் வச்சிருக்கிற தொழில்காரரை, முந்தின நாள் அலங்காரக் காட்சி எடுக்க மட்டும் வாடகைக்குப் பேசலாம். கும்பாபிஷேக நேரத்தில் வானம் கருடனுக்கு.

கடைசியா, கேமரா எங்கே நிக்கக் கூடாதுங்கிறது. இதுதான் எங்களுக்கு 28,000 வெள்ளியை விட முக்கியம்.

வெளியிலிருந்து வந்த ஒரு படக்குழு ஒரு தடவை தீபாராதனை நேரத்தில் நாலு பேரா வாசலை அடைச்சு நின்னாங்க. காலையிலிருந்து விரதம் இருந்து பால்குடம் எடுத்து வந்த ஒரு அக்கா, அவங்க முதுகைத்தான் பார்த்துக் கும்பிட்டாங்க. காணொளி ரொம்ப அழகா வந்தது. அந்த அக்கா அதுக்கப்புறம் எங்ககிட்ட ஒண்ணும் பேசலை. கேமரா பக்தருக்கும் அம்பாளுக்கும் நடுவில் வரக் கூடாது. நேரில் வந்தவங்களுக்கு மறைச்சுத்தான் வராதவங்களுக்குக் காட்டணும்னா, அந்த நேரலை வேண்டாம்.

குளிச்சு ஈரத்துணியோட நிக்கிற இடத்தில் கேமரா திரும்பக் கூடாது. அருள் வந்து ஆடுறவங்களை, அலகு குத்தும்போது வலியில் முகம் மாறுறவங்களை நெருக்கிப் பிடிக்கக் கூடாது. அந்தத் துண்டுக் காணொளியை யாரோ எடுத்துப் பாட்டுப் போட்டுக் கிண்டல் பண்ணி டிக்டாக்கில் விடுறதை நாம பார்த்துட்டோம். அந்தப் பொண்ணு மறுநாள் வேலைக்குப் போக வேண்டாமா? அம்மா அப்பா சம்மதம் இல்லாமல் குழந்தைங்க முகமும் வேண்டாம். இந்த நாலு விதியையும் எழுதி, நிர்வாகம் கையெழுத்துப் போட்டு, ஒலி மேசை மேல ஒட்டணும்னு கேட்டுக்கிறோம். வாடகைக்கு வர்ற குழுவுக்கும் இதே விதிதான்.

எடுத்ததைப் பத்திரமா வைக்கிறதும் நம்ம வேலை. தோட்டத்தில் கோயில் இருந்தப்போ நடந்த கும்பாபிஷேகத்தைப் படம் பிடிச்ச வீடியோ கேசட் ஒண்ணு ஆலய அலமாரியில் இருந்தது. போன மாசம் திறந்தா டேப் முழுக்க வெள்ளைப் பூஞ்சை. அந்தத் தோட்டம் இப்போ இல்லை, லயம் இல்லை, அந்தப் பழைய கோயிலும் இல்லை. நம்ம தாத்தா பாட்டிங்க குடம் தூக்கி நடந்த ஒரே படம் அது. முகநூலில்தான் இருக்கேன்னு இனிமே நம்ப முடியாது. 2025 பிப்ரவரி 19 முதல் புது நேரலைகளை முகநூல் 30 நாள்தான் வச்சிருக்கும், அதுக்கப்புறம் அழிச்சிடும். அதனால ரெண்டு ஹார்டு டிஸ்க், ஒண்ணு ஆலயத்தில், ஒண்ணு வேற ஒரு வீட்டில். கேமராவுக்கும் லென்ஸுக்கும் ஈரப்பதம் 40, 50 சதவீதத்தில் நிக்கிற உலர் பெட்டி. மதியம் ஆனா மழை கொட்டுற நம்ம ஊரில், பையில் போட்டு வச்ச லென்ஸில் பூஞ்சை பிடிக்க ரொம்ப நாள் ஆகாது. விபூதித் தூளும் சாம்பிராணிப் புகையும் தனிக் கணக்கு.

சினிமா பக்திப் பாட்டு ஒலிபெருக்கியில் ஓடும்போது நேரலை விட்டா, முகநூலும் யூடியூபும் தானா கண்டுபிடிச்சு சத்தத்தை அடைச்சிடும், சில நேரம் நேரலையையே நிறுத்திடும். பூஜை நேரத்தில் நம்ம மேளமும் தேவாரமும் மட்டும் இருக்கட்டும்னு ஒலிபெருக்கி பார்க்கிற அண்ணன்களைக் கேட்டுக்கிறோம்.

ஆக, எங்க கணக்கு இது. ஒலிச் சாமான் 7,000. நல்ல ஸ்டாண்டு ரெண்டு 3,500. வீடியோ கேமரா ஒண்ணு 8,500. சுவிட்சர், வயர் 3,500. யுபிஎஸ், தனி மின் லைன் 1,500. ஹார்டு டிஸ்க், உலர் பெட்டி 2,500. பயிற்சிக்கும் பழுதுக்கும் 1,500. மொத்தம் 28,000 வெள்ளி. ரெண்டாவது கேமராவா இப்போதைக்கு எங்க தம்பி ஒருத்தரோடது ஓடும். வாங்குறதுக்கு முன்னாடி மூணு கடையில் விலை எழுதி வாங்கி, புலனக் குழுவில் எல்லாரும் பார்க்கப் போடுவோம்.

"இந்தக் காசைத் தமிழ்ப்பள்ளிக்குக் கொடுக்கலாமே"ன்னு ஒரு ஐயா கேட்டார். நியாயமான கேள்வி. உபயகாரர் இதுக்குன்னு சொல்லிக் கொடுத்தது, அதை நாம மாத்த முடியாது. ஆனா எங்களால ஒண்ணு செய்ய முடியும். எஸ்பிஎம் முடிச்சிட்டு ரிசல்டுக்குக் காத்திருக்கிற பிள்ளைங்களை அனுப்புங்க. சனிக்கிழமை தோறும் மைக் பிடிக்க, ஒலி அளவு வைக்க, கேமரா ஓட்ட இலவசமா சொல்லித் தர்றோம். நாளைக்கு அதில் ஒருத்தருக்கு இதுவே தொழிலாகலாம். பொண்ணுங்களும் வரணும்.

"பெரிய கேமரா இருந்தாத்தான் கோயிலுக்குக் கௌரவம்"னு சொன்ன அண்ணனுக்கு நம்ம ஊர்க் கதையையே பதிலா சொல்றோம். 1894-இல் இந்த நாட்டிலேயே முதல் தடவையா மின் உற்பத்தி இயந்திரம் ஓடினது இதே ரவாங்கில்தான். ஓட வச்சவங்க லோக் இயூவும் தம்புசாமி பிள்ளையும். பத்துமலை முருகனுக்கும் கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மனுக்கும் கோயில் கண்ட அதே தம்புசாமி பிள்ளை. ஈய லம்பத்தில் தண்ணி இறைக்கிற பம்ப்புக்கு மின்சாரம் வேணும், அதுக்காக வாங்கினாங்க. என்ன வேலை ஆகணும்னு முதல்ல பார்த்தாங்க, அப்புறம் இயந்திரத்தைத் தேடினாங்க. நாமளும் அதே ஊர்க்காரங்கதானே?

நம்ம வேலை என்ன? வீட்டில் படுத்திருக்கிற ஒருத்தர் காதில் தீபாராதனை மணி விழணும். அதுக்கு என்ன வேணுமோ அதை முதல்ல வாங்குவோம்.

வர்ற ஞாயிறு காலை பத்து மணிக்கு மண்டபத்தில் மறுபடியும் கூட்டம். மாத்துக் கருத்து இருக்கிறவங்க கட்டாயம் வாங்க, உட்கார்ந்து பேசுவோம். பழைய சாமான் எல்லாத்தையும் மேசை மேல வச்சிருப்போம், ஹெட்போனும் இருக்கும். போன ஆடி காணொளியைப் போட்டுக் காட்டுவோம். முதல்ல படத்தோட பாருங்க. அப்புறம் கண்ணை மூடிக்கிட்டு அந்த நாப்பது நிமிஷத்தில் ரெண்டே நிமிஷம் கேளுங்க. அதுக்கப்புறம் நீங்க என்ன முடிவு சொன்னாலும் தலை வணங்குறோம்.

வீட்டில் நேரலை பார்க்கிற பெரியவங்க இருந்தா, சத்தம் எப்படிக் கேட்குதுன்னு அவங்ககிட்ட கேட்டுக் கீழே எழுதுங்க. அந்தப் பதில்தான் எங்களுக்கு வேணும்.

ஓம் சக்தி. அனைவருக்கும் அம்பாள் அருள் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
தூணுக்குப் பின்னாடி நிக்கிற உங்கள் தொண்டூழியர்கள், ரவாங்